தகட்டுக் கார்டு

டங்கென்று விழுந்தது. அடடா, என்ன சத்தம்! தெய்வசிகாமணிக்கு உச்சி குளிர்ந்துபோனது. பிளாஸ்டிக் கார்டுக்கெல்லாம் இந்தக் கொடுப்பினை ஏது, அது விழுந்த இடம் தெரியாமல் கிடக்கும். இது கோயமுத்தூர் விமான நிலையத்துச் சோதனைத் தட்டில், பெல்ட்டுக்கும் கைக்கடிகாரத்துக்கும் நடுவில், கோயில் மணி மாதிரி விழுந்தது. பர்ஸிலிருந்து உருவித் தனியாகப் போட வேண்டிய அவசியமே இல்லை, பர்ஸோடு போட்டாலும் மெஷினுக்குள் போய் வரத்தான் போகிறது, முன்னால் நின்றவன் அப்படித்தான் போட்டான். ஆனால் பர்ஸோடு போட்டால் யார் காதில் விழும்? பின்னால் நிற்பவர் சம்பந்தி. காங்கேயத்தில் எண்ணெய் மில் வைத்திருக்கிற நாச்சிமுத்து, மகள் தாரணியின் மாமனார், வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் ஒரு பேனா, முகத்தில் ஒன்றுமில்லை. அந்த முகத்தில் ஒன்றுமில்லாததுதான் ஆறு வருஷமாகத் தெய்வசிகாமணியைத் தூங்கவிடாமல் செய்கிறது. கோபப்பட்டால் சமாதானம் சொல்லலாம், திட்டினால் வாங்கிக்கொள்ளலாம். இந்த மனுஷன் தீபாவளிக்குத் தவறாமல் எண்ணெய் டின் அனுப்புவார், வீட்டுக்கு வருவார், சோபாவில் உட்கார்ந்து பேரப்பிள்ளையைப் பற்றிச் சிரிக்கச் சிரிக்கப் பேசுவார், இலை போட்டதும் மட்டும் "இப்பத்தானுங்க சாப்பிட்டேன், வவுறு திம்முனு இருக்குது" என்று சொல்லி ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு எழுந்துவிடுவார். காபிகூடக் கிடையாது. கல்யாணம் முடிந்த நாளிலிருந்து ஒரு வாய், ஒரே ஒரு வாய், தெய்வசிகாமணி கையால் சாப்பிட்டதில்லை. இன்றைக்குச் சாப்பிடுவார். சாப்பிடாமல் எங்கே போவார்? இன்றைக்குக் கார்டு இருக்கிறதே.

தட்டு மறுபக்கம் வந்தது. பெல்ட்டைப் போடுவதற்கு முன்னால் கார்டைத்தான் எடுத்தார். கையில் எடுக்கும்போதெல்லாம் அந்தக் கனம் புதிதாகத்தான் இருக்கிறது, மாசம் ஒன்றாகியும். பேங்க்காரத் தம்பி அதை மரப்பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தான், நகைக்கடைப் பெட்டி மாதிரி உள்ளே வெல்வெட். "சார், இது எல்லாருக்கும் குடுக்கறதில்லைங்க சார், அழைப்பு மட்டும்தான்" என்றான். கிரைண்டர் கம்பெனி ஆரம்பித்த காலத்தில் இதே பேங்க்கில் மேனேஜர் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து உட்கார்ந்து வேட்டி தேய்ந்தது அவருக்குத்தான் தெரியும். தம்பி அடுக்கிக்கொண்டே போனான். ஏர்போர்ட்டில் தனி அறையில் சாப்பாடு, கோல்ஃப் விளையாட்டு, ராத்திரி பகல் எந்நேரமும் போன் பண்ணினால் ஓடிவந்து உதவி செய்ய ஒரு பெண். கூடவே சில சங்கதிகளையும் சொன்னான்: இதைக் கத்தரிக்கோலால் வெட்ட முடியாதுங்க, காலாவதியானால் பேங்க்குக்கே திருப்பி அனுப்பிடணும்; மெஷினில் மேலே காட்டினால் ஒரு பக்கம்தான் எடுக்கும், மறுபக்கம் காட்டினால் எடுக்காது; சாவியோடு போட்டால் கீறல் விழும். கீறலா, ஐயோ, என்று அன்றிலிருந்து சாவி இடது பையில், கார்டு வலது பையில். அப்படியும் போன வாரம் பெட்ரோல் பங்க்கில் மானம் போனது. பங்க்காரர் வாங்கி மெஷின் மேல் வைத்தார், எடுக்கவில்லை, திருப்பி வைத்தார், எடுக்கவில்லை, பிறகு வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இதென்னுங்க, மந்திரிச்ச தகடாட்டமிருக்குது?" என்று கேட்டார். பின்னால் வண்டிகள் ஹாரன் அடிக்கின்றன. கடைசியில் உள்ளே செருகினால்தான் வேலை செய்தது. வீட்டில் சொன்னதும் கோமதி விழுந்து விழுந்து சிரித்தாள். அன்றிலிருந்து அவள் அதைக் கார்டென்றே சொல்வதில்லை, தகடுதான். "ஏனுங்க, தகட எடுத்துக்கிட்டீங்ளா?"

தகடு. சிரிக்கட்டும். அவள் செய்த காரியம் மட்டும் என்னவாம்? மரப்பெட்டி வந்த அன்றைக்கே பூஜையறைக்குக் கொண்டுபோய், அவர் கார்டு ஒன்று, அவளுக்கென்று வந்த துணைக் கார்டு ஒன்று, இரண்டுக்கும் சந்தனத்தைக் குழைத்து வைத்து நடுவில் குங்குமம் வேறு வைத்துவிட்டாள். புது கிரைண்டருக்கு வைப்பாள், புது வண்டிக்கு வைப்பாள், சரி, கார்டுக்கு எங்கே வைப்பது? நடுவில் பளபளவென்று சதுரமாக ஒன்று இருந்ததாம், பொட்டு வைக்க விட்டிருக்கிறார்கள் போல என்று நினைத்தாளாம். அதுதான் சிப்பு! அவர் கார்டை அன்றைக்கே துடைத்துவிட்டார். அவளுடையது ஒரு மாசமாகச் சாமி படத்துக்கு முன்னாலேயே இருந்து, இன்றைக்குக் காலையில்தான் கைப்பையில் ஏறியது. சந்தனம் காய்ந்து பாறையாகப் பிடித்துக் கிடக்கிறது. இது இன்றைக்கென்று பார்த்தா தெரிய வேண்டும்? கணக்கு என்னவென்றால், ஒரு கார்டுக்கு ஒருத்தரும் அவர் கூட ஒரு விருந்தாளியும். அவர் கார்டில் அவரும் நாச்சிமுத்துவும், கோமதி கார்டில் அவளும் சம்பந்தியம்மா ராமாத்தாவும். நாலு பேர், ரெண்டு கார்டு, எவ்வளவு கச்சிதம். கோமதி கார்டு எடுக்காவிட்டால்? இரண்டு பேர் உள்ளே, இரண்டு பேர் வெளியே. யார் வெளியே? பொம்பளைகளை வெளியே நிற்கவைத்துவிட்டு ஆம்பளைகள் போய்ச் சாப்பிடுவதா, சம்பந்தி ஒரு காலும் சம்மதிக்க மாட்டார். சம்பந்தியம்மாவை மட்டும் கூட்டிப்போய்ச் சம்பந்தியை வெளியே விடுவதா? நினைத்ததுதான் தாமதம், கோமதியிடமிருந்து வாங்கி வைத்திருந்த கார்டை அவர் விரல் நகம் சுரண்ட ஆரம்பித்துவிட்டது. எச்சில் தொட்டுச் சுரண்டினார். சாமி குங்குமத்தை எச்சிலாலா என்று ஒரு கணம் நடுங்கியது, அப்புறம் சாமிக்குத் தெரியாததா என்று மறுபடி சுரண்டினார். நகத்துக்குள் மஞ்சளாக ஏறியது. முன்னால் ராமாத்தாவும் கோமதியும் கைகோத்துக்கொண்டு, மும்பையில் நாளைக்குத் தாரணியின் புது வீட்டில் பால் காய்ச்ச எவ்வளவு பெரிய பாத்திரம் வேண்டும் என்று பேசியபடி போகிறார்கள். பொம்பளைகளுக்குள் ஒரு வில்லங்கமும் இல்லை. கோமதி தோளில் அந்த மஞ்சப்பை. அதற்குள் இட்லி. அதைப் பார்த்ததும் அவருக்கு மறுபடியும் சுர்ரென்றது.

காலையில் ஆறு மணிக்கே அந்தச் சண்டை முடிந்திருந்தது. "தகட்டுக் கார்டு வெச்சிருக்கறவன் பொண்டாட்டி இட்லிப் பொட்டணத்தோட போவாளா? உள்ள போனா நூறு பலகாரம் இருக்குதாமா, நின்னுக்கிட்டே தோசை சுட்டுக் குடுப்பாங்களாமா" என்று கத்தினார். கோமதி இட்லியை வாழையிலையில் அடுக்கி, பொடியும் எண்ணெயும் தடவி, பேப்பரைச் சுற்றி, கம்பெனியில் கிரைண்டர் பெட்டிக்கு ஒட்டுகிற பழுப்பு டேப்பை எடுத்து ஏழு சுற்றுச் சுற்றினாள். "இருந்துட்டுப் போகுதுங்க, உங்க தகட்டுக்குப் பசிச்சா அதுக்குப் போடறேன்" என்றாள். வாய் இருக்கிறதே அவளுக்கு! சரி, விடு. இன்றைக்கு எதுவும் அவரை அசைக்காது. முந்தாநாள் ராத்திரி அந்த உதவிப் பெண்ணுக்குக்கூடப் போன் போட்டுப் பார்த்துவிட்டார், முதல் தடவையாக. என்ன கேட்பதென்று தெரியாமல், "ஏனம்மா, ஒரு சம்பந்தி மனசு குளிரணும், என்ன பண்ணலாம்?" என்று கேட்டார். அந்தப் பெண் கொஞ்ச நேரம் யோசித்துப் பூங்கொத்து அனுப்பலாம் சார் என்றாள். பூங்கொத்தா, நல்ல ஆளம்மா நீ, காங்கேயத்தில் எண்ணெய் மில்லுக்குப் பூங்கொத்து போனால் பஞ்சாயத்துத்தான். அப்படியே ஏர்போர்ட் சாப்பாட்டு அறையைப் பற்றிக் கேட்டார். நாலு பேருக்கும் உண்டு சார் என்றாள். கடைசியில் ஏதோ ஒன்று சொன்னாள், இடம் இருப்பதைப் பொறுத்து என்றோ என்னவோ, இங்கிலீஷும் தமிழும் கலந்து வேகமாக. இவர் சரிம்மா சரிம்மா என்று வைத்துவிட்டார். அது இப்போது எதற்கு ஞாபகம் வருகிறது? ஈ மாதிரி வந்து உட்காருகிறது, விரட்டினால் போய்ச் சுற்றிவந்து மறுபடியும் உட்காருகிறது. இடம் இருப்பதைப் பொறுத்து. இடம் இல்லாமல் எங்கே போகும்? தகட்டுக் கார்டுக்கு இடம் இல்லை என்பார்களா?

இடம் இல்லை. அந்த வார்த்தைதான் கல்யாணத்தைக் கெடுத்தது. கெடுத்தது என்று சொல்லக்கூடாது, கல்யாணம் அமோகமாகத்தான் நடந்தது, பொள்ளாச்சி ரோட்டு மண்டபம், வாசலில் வாழைமரம், நாதஸ்வரம், முகூர்த்தம் முடிந்ததும் ஒறம்பரை, சொந்தபந்தம் மொத்தமும் ஒரே நேரத்தில் சாப்பாட்டுக் கூடத்துக்குப் பாய்ந்தது. முந்நூறு இலை போடுகிற கூடத்தில் ஐநூறு பேர். உட்கார்ந்திருப்பவர் முதுகுக்குப் பின்னால் இடம் பிடிக்க ஆள் நிற்கிறது, ரசம் ஒருத்தர் தலையில் கொட்டுகிறது. அப்போதுதான் தெய்வசிகாமணி, வேர்வை வழிய, உள்ளே நின்றுகொண்டு சமையல் காண்டிராக்டரைப் பார்த்துக் கத்தினார்: "கதவச் சாத்துய்யா! பந்தி நெறஞ்சு போச்சு, இனி ஒருத்தனையும் உடாத, யாரா இருந்தாலுஞ் சரி!" காண்டிராக்டர் சாத்தினார். கதவுக்கு வெளியே அந்த நேரத்தில் வந்து நின்றவர் மாப்பிள்ளையின் அப்பா. முதல் பந்தியில் முதல் இலைக்கு உரியவர். அரைமணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு, வந்து போகிறவர்கள் பார்க்க, கதவையே பார்த்துக்கொண்டு நின்றாராம். பிறகு போய் மணமேடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். சாப்பிடவே இல்லை. விஷயம் காதுக்கு வந்தபோது தெய்வசிகாமணி என்ன செய்தார்? அதுதானே, அதைத்தானே ஆறு வருஷமாக யாரிடமும், கோமதியிடம்கூட, சொல்லவில்லை. காண்டிராக்டரைக் கூப்பிட்டு, எல்லார் முன்னாலும், "சம்பந்திய வெளிய நிக்க வெச்சிருக்கியே, உனக்கு அறிவிருக்குதா?" என்று கத்தினார். அந்த ஆளுக்குப் பேசின பணத்துக்கு மேலேயே கொடுத்தார், அது என்ன பெரிய தர்மமா, வாயை அடைத்த காசு. சாயங்காலம் அந்த ஆளையே சம்பந்தி காலில் விழவைத்தார். ஐயோ, அந்த ஐம்பது வயது மனுஷன் குனிந்த முதுகு. வேண்டாம், இன்றைக்கு அது வேண்டாம். இன்றைக்குச் சம்பந்தியை முன்னால் நடக்கவிட்டு, கதவைத் தன் கையால் திறந்து, முதல் தட்டைத் தன் கையால் எடுத்துக் கொடுத்துவிட்டால் எல்லாம் தீர்ந்தது. சாப்பாட்டு அறைக்குக் கண்ணாடிக் கதவு. அதோ தெரிகிறது. அதற்கு முன்னால் மேஜை, மேஜைக்குப் பின்னால் கொண்டை போட்ட ஒரு பெண். நெஞ்சு கல்யாண மேளம் மாதிரி அடித்தது.

"வாங்க சம்பந்தி, நீங்க முன்னால வாங்க" என்று ஒதுங்கினார். நாச்சிமுத்து, "எதுக்குங்க இதெல்லாம், காலைல சாப்பிட்டுத்தானுங்க பொறப்பட்டேன்" என்று ஆரம்பித்தார். ஆரம்பித்துவிட்டாரா! சும்மா வந்து உட்காருங்க போதும் என்று தெய்வசிகாமணி கார்டை எடுத்து மேஜைமேல் வைத்தார், வைத்தார் என்ன, ஒரு விரற்கடை உயரத்திலிருந்து விட்டார். டங். அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள், அப்பாடா, பார்த்தாள். மெஷினில் செருகினாள். இரண்டே ரூபாய்தான் எடுக்குமாம், சும்மா சரிபார்க்க. இவ்வளவு பெரிய தகட்டுக்கு இரண்டு ரூபாய் வேலை. மெஷின் யோசித்தது. யோசித்துக்கொண்டே இருந்தது. பங்க்காரர் முகம் கண்முன் வந்தது. பிறகு பீப் என்றது, சீட்டு ஒன்று நீண்டு வந்தது. அடுத்து கோமதி கார்டு. அந்தப் பெண் அதன் சிப்பையும் அதில் மிச்சமிருந்த செம்மஞ்சள் கறையையும் பார்த்தாள், ஒரு சின்னச் சிரிப்பு, "எங்க வீட்லயும் வைப்பாங்க சார்" என்று சொல்லித் தன் துப்பட்டா முனையால் ஒரு தேய் தேய்த்துச் செருகினாள். பீப். ஆகா! தங்கமே! தெய்வசிகாமணிக்கு அந்தப் பெண்ணைத் தூக்கிச் சுற்ற வேண்டும்போல இருந்தது. ரெண்டு கார்டு, நாலு பேர், கணக்குச் சரி, மெஷின் சரி, சாமியும் சரி. கதவுப் பிடியில் கை வைத்தார்.

"சார், சார், ஒரு நிமிஷம்" என்றாள் அந்தப் பெண். "உள்ள ஃபுல்லா இருக்குது சார். யாராச்சும் வெளிய வந்தாத்தான் அனுப்ப முடியும். ஓரமா நில்லுங்க, பேர் சொல்லிக் கூப்பிடறேன்."

கை பிடியிலேயே இருந்தது. என்ன சொன்னாள்? உள்ளே ஃபுல். அதாவது நிறைந்துபோச்சு. அதாவது யாராக இருந்தாலும் சரி. "இது அழைப்புக் கார்டும்மா" என்றார், குரல் அவருக்கே கேட்கவில்லை. "எல்லாருமே கார்டுதான் சார்" என்றாள் அவள், தன்மையாகத்தான் சொன்னாள். திரும்பிப் பார்த்தால் அவருக்குப் பின்னால் பதினைந்து பேர், ஆளுக்கொரு கார்டோடு, அதில் நாலைந்து அவருடையதைப்போலவே கறுப்பு, கனம், பளபளப்பு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒருத்தன் தோசையைப் பிய்த்துச் சாம்பாரில் தோய்க்கிறான். முதுகுக்குப் பின்னால் இடம் பிடிக்க ஒரு அம்மா நிற்கிறார். சொன்னாளே அந்தப் போன் பெண், சொன்னாளே பாவி, இடம் இருப்பதைப் பொறுத்து என்று! பக்கத்தில் பார்க்கவே பயமாக இருந்தது. பார்த்தார். நாச்சிமுத்து சுவரோரமாகப் போய் நின்றிருந்தார். கையைக் கட்டிக்கொண்டு. கதவைப் பார்த்துக்கொண்டு. அன்றைக்கு இப்படித்தான் நின்றிருப்பார் என்று ஆறு வருஷமாக மனசுக்குள் எத்தனையோ தடவை நிற்கவைத்துப் பார்த்திருக்கிறார், அச்சு அசல் இதேதான். காண்டிராக்டர் குனிந்த முதுகு ஞாபகம் வந்தது. இப்போது யாரைக் கூப்பிட்டுத் திட்டுவது? கொண்டை போட்ட பெண்ணையா? அவள் சந்தனத்தைத் துடைத்துக் கொடுத்தவள். கால் தானாக நடந்தது. சம்பந்திக்குப் பக்கத்தில், சுவரில் சாய்ந்து, தோளோடு தோள் உரச நின்றார். கார்டு கையிலேயே இருந்தது, வேர்வையில் வழுக்கியது.

"சம்பந்தி" என்றார். "அன்னிக்கு மண்டபத்துல கதவச் சாத்தச் சொன்னது சமையல்காரனில்லீங்க. நானுங்க."

நாச்சிமுத்து கதவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தெரியுமுங்க" என்றார்.

"தெரியுமுங்களா?"

"கதவுக்கு அந்தப் பக்கமிருந்து உங்க கொரல்தானுங்க கேட்டுது. 'யாரா இருந்தாலுஞ் சரி'ன்னீங்க. அதுல ஒண்ணுமில்லீங்க. கூட்டம்னா கதவச் சாத்தத்தான் வேணும். எங்க மில்லுல ஆயுத பூசைக்கு நானுந்தான் சாத்தறேன். சாயங்காலம் நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லுவீங்கன்னு ஒக்காந்திருந்தனுங்க. சமையல்காரன அனுப்பி உட்டீங்க. அந்த மனுசன் கால்ல உழுகறாரு. எனக்கு ஒடம்பே கூசிப்போச்சுங்க."

ஆறு வருஷம். ஆறு தீபாவளி எண்ணெய் டின். இந்த மனுஷன் எல்லாம் தெரிந்துகொண்டேதான் சிரித்துப் பேசியிருக்கிறார், தெரிந்துகொண்டேதான் தண்ணீர் மட்டும் குடித்திருக்கிறார், இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் ஒவ்வொரு தடவையும் வந்து வந்து உட்கார்ந்திருக்கிறார். "தப்புத்தானுங்க சம்பந்தி" என்றார். "பயந்துட்டனுங்க. மொத ஒறவுலயே பேர் கெட்டுப் போகும்னு பயந்துட்டேன்." கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, வரட்டும், யார் பார்த்தால் என்ன. ஆச்சரியம் என்னவென்றால் அவமானமாகவே இல்லை. கார்டு சத்தத்துக்குக் குளிர்ந்ததே உச்சி, இது அதைவிடக் குளிர்ச்சி. பாறாங்கல்லை இறக்கி வைத்த மாதிரி தோள் இரண்டும் லேசாக, துள்ளலாகக்கூட, அட, அறுபத்தொரு வயதில் குதிக்கத் தோன்றுகிறதே!

நாச்சிமுத்து கட்டியிருந்த கையை அவிழ்த்தார். "அன்னிக்குத் தனியா நின்னனுங்க" என்றார். "இன்னிக்குத் தொணைக்கு நீங்க நிக்கறீங்க. சுகமாத்தான் இருக்குது." பிறகு மூக்கை ஒரு பக்கமாகத் திருப்பினார். "ஏனுங்க சம்பந்தியம்மா, பைக்குள்ள என்னங்க, பொடி வாசம் தூக்குது? நம்ம மில்லு எண்ணெயாட்டமிருக்குது."

கோமதி கணவனை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்கு இனி ஒரு வருஷத்துக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். மஞ்சப்பையிலிருந்து பொட்டணம் வெளியே வந்தது. ஏழு சுற்று டேப். நகத்தால் நெம்பினாள், வரவில்லை. ராமாத்தா பல்லால் கடித்துப் பார்த்தார். கத்தி, கத்தரிக்கோல் எதையும் உள்ளே விடமாட்டார்களே. "கிரைண்டர் பொட்டிக்கு ஒட்டற டேப்பு அத்தன சுளுவா வந்துருமா?" என்று தெய்வசிகாமணி பொட்டணத்தை வாங்கினார், கையிலிருந்த கார்டின் ஓரத்தை டேப்பில் வைத்து அழுத்தி ஒரு இழுப்பு இழுத்தார். சர்ரென்று கிழிந்தது. வெல்வெட்டில் வந்த கார்டின் முகத்தில் குறுக்கே ஒரு கீறலும், ஓரமெல்லாம் பிசினும். பார்த்தார், பையில் போட்டார், சாவி இருக்கிற இடது பையில். இலையை விரித்து, ஒரு இட்லியை எடுத்து, தன் கையால் நீட்டினார்.

நாச்சிமுத்து வாங்கினார். பிட்டார். வாயில் போட்டார். மென்றார். தெய்வசிகாமணி அந்தத் தாடை அசைவதையே பார்த்துக்கொண்டு நின்றார், மும்பை விமானம் தன் பெயரைக் கூப்பிட்டாலும் அசைவதாக இல்லை. முதல் இட்லி முடிந்தது. இரண்டாவதற்குக் கை நீண்டது, கேட்காமலேயே.

"தெய்வசிகாமணி சார்! நாலு சீட் காலியாயிடுச்சு, உள்ள வாங்க" என்று மேஜையிலிருந்து அந்தப் பெண் கூப்பிட்டாள்.

நாச்சிமுத்து வாய் நிறைய இட்லியோடு கையை உயர்த்தினார். "நாங்க அடுத்த பந்தியில வர்றமுன்னு சொல்லுங்க, சம்பந்தி."